இரண்டு பண்பொழிகள்

கல்லூரியில் நான் எழுதிய நிரல்கள் எல்லாமே யாராவது ஒருவர் பார்ப்பதற்காக எழுதியவை. லேப் தேர்வில் எக்ஸ்டர்னல் பின்னால் வந்து நிற்பார். “ரன் பண்ணும்மா” என்பார். திரையில் அவுட்புட் வந்தால் ஒரு டிக். அத்தோடு அந்த நிரலின் ஆயுள் முடிந்தது. நூலக மேலாண்மை, வங்கிக் கணக்கு, மாணவர் வருகைப் பதிவு என்று நாங்கள் செய்யாத ‘சிஸ்டம்’ இல்லை. அதை வைத்து எந்த நூலகமும் ஒரு புத்தகம்கூட இரவல் கொடுத்ததில்லை.

இன்டர்ன்ஷிப் போன இடத்தில் கதை தலைகீழ். நான் செய்ததை யார் யாரோ தினமும் பயன்படுத்தினார்கள். அப்படி ஒன்று செய்யப்பட்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. யாரும் பார்க்காத வேலையை எதற்காக ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு முதன்முதலாக வந்தது. பரீட்சை எழுதியே வளர்ந்த பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் தாமதமாகத்தான் வரும் போலிருக்கிறது.

எங்கள் ஊர் பண்பொழி. திருமலைக் குமாரசாமி கோயில் மலைக்குக் கீழே, செங்கோட்டைக்குப் பக்கத்தில். மேற்கே மேக்கரை, அடவிநயினார் அணை, அதற்கப்பால் மலை. மலை தாண்டினால் கேரளம். தென்காசியில் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் தெருவில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “ஜோஹோவா?” இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்தது. “அப்ப வேற என்ன கம்பெனி இருக்கு தென்காசில?” என்று ஒரு பெரியப்பா நிஜமாகவே திகைத்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. 1996இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2011இல் தென்காசியில் அலுவலகம் வைத்தது. பிறகு மத்தளம்பாறையில் பெரிய வளாகமே வந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019இல் அமெரிக்காவிலிருந்து கிளம்பி மத்தளம்பாறைக்கே குடிவந்தார், 2021இல் பத்மஸ்ரீ. ஜோஹோ டெஸ்க் என்று உலகம் முழுக்க விற்கும் மென்பொருள் தென்காசி அலுவலகத்தில் உருவானது. அவர்களுடைய பள்ளியில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகை கொடுத்துச் சொல்லித்தருகிறார்கள். படிப்பின் பிற்பகுதி கம்பெனிக்குள்ளேயே வேலைப் பயிற்சி. பட்டம் கிடையாது, வேலை உண்டு. இதெல்லாம் நடந்த பிறகு எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை என்றால் அந்த ஒரு பெயர்தான். நான் போனது பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடியில் இருந்த சின்ன கம்பெனி. ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளிப் பதிவேடும் பில்லும் போடும் மென்பொருள் செய்பவர்கள். தீபாவளிக்கு எல்லோரையும் நிற்கவைத்து போட்டோ எடுத்தால் ஒரே பிரேமில் அடங்கிவிடும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் செய்யலாம், அல்லது இன்டர்ன்ஷிப் போகலாம். என்னோடு படித்தவர்களில் சிலர் சென்னைக்குப் போய் ஓ.எம்.ஆரில் விடுதி எடுத்தார்கள். சிலர் பணம் கட்டி சர்டிபிகேட் வாங்கினார்கள். அது ஒரு தனி வியாபாரம். வாட்ஸப்பில் விளம்பரம் வரும், ஜிபே செய்தால் பி.டி.எப். வரும். அதில் எழுதியிருக்கும் ‘சிறந்த பங்களிப்பு’ எதுவென்று வாங்கியவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. நான் அவர்களைப் பழிக்கமாட்டேன். பார்ப்பதற்காக மட்டுமே வேலை செய்யச் சொல்லிக்கொடுத்த ஒரு படிப்பு, கடைசியில் பார்ப்பதற்கான ஒரு தாளில் போய் முடிவதில் என்ன ஆச்சரியம்?

படிப்பையும் வேலையையும் கலந்து தரவேண்டும் என்பது புது யோசனையும் இல்லை. அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906இலேயே மாணவர்களை மாற்றி மாற்றி வகுப்புக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்பினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கும்போதே அந்த முறையோடுதான் தொடங்கியது. நமக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. டெக்கில் ‘சாண்ட்விச்’ என்று ஐந்து வருஷ பி.ஈ. இருக்கிறது. வகுப்புக்கு நடுவே பட்டறை. அங்கே லேத்தில் கடைந்த உருப்படி ஒரு பம்பில் போய் உட்காரும். அளவு தப்பினால் உட்காராது. மார்க் போடுவதற்கு வாத்தியார் தேவையில்லை, பம்பே போட்டுவிடும். மென்பொருளில் அந்த வசதி இல்லை. தப்பான நிரலும் பல வருஷம் நன்றாக ஓடும். நான் பார்த்தது அப்படி ஒன்றைத்தான்.

முதல் சில வாரங்கள் என்னை ஒரு வரிகூட எழுதவிடவில்லை. மற்றவர்கள் எழுதியதைப் படிக்கச் சொன்னார்கள். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த அக்கா, பாளையங்கோட்டைக்காரர், அதிகம் பேசமாட்டார். “படி. புரியாத இடத்துல ஒரு கேள்வி எழுதி வை” என்று ஒரு நோட்டைக் கொடுத்தார். கதை படிப்பதுபோல நிரலைப் படிக்கலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். படிக்கப் படிக்க எழுதியவர்களின் குணம்கூடத் தெரியவந்தது. ஒருவர் எதையும் நம்பாதவர், எல்லாவற்றையும் இரண்டு தடவை சோதிப்பவர். இன்னொருவர் அவசரக்காரர். அவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அவருடைய அவசரம் மட்டும் அங்கேயே இருந்தது.

ஒருநாள் ஓர் ஆஸ்பத்திரியில் ஊர்வாரியாக நோயாளிகளின் எண்ணிக்கை காட்டும் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் எங்கள் ஊரைத் தேடுவது இயல்புதானே. பண்பொழி என்று ஒரு வரி. அதற்கு அடுத்து, மறுபடியும் பண்பொழி என்று இன்னொரு வரி. இரண்டுக்கும் தனித்தனி எண்ணிக்கை. எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியவில்லை. தேடல் பெட்டியில் பண்பொழி என்று தட்டினால் ஒரு பண்பொழிக்காரர்கள் மட்டும் வந்தார்கள். மற்றவர்கள் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததே இல்லை என்று சொன்னது கம்ப்யூட்டர்.

காரணம் நம் கண்ணுக்குள் அடங்காத இடத்தில் இருந்தது. பண்பொழி என்ற பெயரை நாம் எண்ணினால் நான்கு எழுத்து: ப, ண், பொ, ழி. யூனிகோடு எண்ணுவது வேறு. ப, ண, புள்ளி, ப, ஒகரக்குறி, ழ, இகரக்குறி என்று ஏழு. இதில் ஒகரக்குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம். முன்னால் வரும் கொம்பும் பின்னால் வரும் காலுமாக இரண்டு குறியாகவும் வைக்கலாம். இரண்டுக்கும் யூனிகோடில் இடம் உண்டு. திரையில் இரண்டும் அச்சுப்பிசகாமல் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றில் ஏழு குறி, மற்றதில் எட்டு. கம்ப்யூட்டருக்கு ஏழும் எட்டும் ஒன்றாகுமா?

அந்த ஆஸ்பத்திரியின் பழைய பதிவுகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அந்த எழுத்துருக்களில் கொம்பு தனி, கால் தனி. பின்னாளில் யாரோ ஒரு கன்வெர்ட்டர் எழுதி மொத்தத்தையும் மாற்றியபோது, கொம்பை உரிய இடத்துக்கு நகர்த்தினார்கள். காலோடு சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். புதிதாக விசைப்பலகையில் தட்டியவை எல்லாம் சேர்ந்தே வந்தன. ஆக, பழைய பண்பொழி வேறு, புதிய பண்பொழி வேறு.

இத்தனை காலம் ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று யோசித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. தென்காசி, குற்றாலம், கடையநல்லூர், சுரண்டை, இலஞ்சி. இந்தப் பெயர்களில் ஒகரமும் இல்லை, ஓகாரமும் இல்லை. சோதித்துப் பார்ப்பவர்கள் எப்போதும் தென்காசி என்று தட்டித்தான் சோதிப்பார்கள். மாட்டிக்கொண்டது நாங்களும், செங்கோட்டையும், பொட்டல்புதூரும், சொக்கம்பட்டியும்தான்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பழைய நோயாளி வருவார். கவுண்ட்டரில் பெயரும் ஊரும் போட்டுத் தேடுவார்கள். கிடைக்காது. “புதுசா போட்டுருங்க” என்று புது அட்டை கொடுப்பார்கள். போன தடவை எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்தது என்பது பழைய அட்டையில் இருக்கும். டாக்டர் முன்னால் திறப்பது புது அட்டை.

சரிசெய்ய ஒரு வரி போதும். சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதற்கு நார்மலைசேஷன் என்று பெயர். பெரும்பாலான நிரல்மொழிகளில் அதற்குத் தயாரான கட்டளை உண்டு. இப்போதிருக்கும் ஏ.ஐ.யிடம் கேட்டால் நாம் கேள்வியைத் தட்டி முடிப்பதற்குள் எழுதிக்கொடுத்துவிடும். நானும் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். அக்கா பார்த்துவிட்டு, “இது இனிமே வர்றதுக்கு. உள்ள கிடக்கிறத என்ன பண்ணப்போற?” என்றார்.

உள்ளே கிடப்பதில்தான் வேலை இருந்தது. ஊர்ப் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு தடவை வரக்கூடாது என்று ஏற்கெனவே கட்டுப்பாடு உண்டு. எட்டுக் குறிப் பண்பொழியை ஏழாக்கப் போனால் ‘இந்தப் பெயர் முன்பே இருக்கிறது’ என்று டேட்டாபேஸ் மறுத்துவிடும். ஆகவே பழைய பண்பொழியோடு கட்டியிருக்கும் ஒவ்வொரு நோயாளியையும் அவிழ்த்துப் புதிய பண்பொழியோடு கட்டவேண்டும். கட்டி முடித்து, ஒருவரும் விட்டுப்போகவில்லை என்று எண்ணிப் பார்த்து, பிறகே பழைய வரியை அழிக்கவேண்டும். அப்படியே செங்கோட்டைக்கும், பொட்டல்புதூருக்கும்.

இரண்டு அட்டை வைத்திருக்கும் நோயாளிகளையும் ஒரேயடியாகச் சேர்த்துவிடலாமே என்று கேட்டேன். பெயர், தெரு, ஊர் மூன்றும் பொருந்தினால் ஒரே ஆள்தானே. அக்கா நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். “ஆளை ஒட்டாத. ஊரை மட்டும் ஒட்டு.” ஒரே தெருவில் ஒரே தாத்தா பெயரை வைத்துக்கொண்ட பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் எங்கள் ஊரில் எத்தனை பேர்! ஒருவருடைய ரத்த வகையை இன்னொருவர் தலையில் எழுதிவிட்டால்? அட்டைகள் ஒரே ஆளுடையதாக இருக்கலாம் என்று சந்தேகத்தை மட்டும் காட்டுவது, சேர்ப்பதா வேண்டாமா என்பதை கவுண்ட்டரில் இருப்பவர் ஆளை நேரில் வைத்துக்கொண்டு முடிவு செய்வது என்று ஆயிற்று. நான்கு வருஷப் படிப்பில் யாரும் என்னிடம் ‘இதைச் செய்யாதே’ என்று சொன்னதில்லை. செய் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

ஓர் இரவில் மாற்றத்தை ஏற்றினோம். காலையில் ஆஸ்பத்திரி எப்போதும்போல இயங்கியது. யாரும் போன் செய்யவில்லை. எங்கள் வேலையில் அதுதான் பாராட்டு. கவுண்ட்டரில் இருக்கும் அண்ணனுக்கு, நேற்றுவரை கிடைக்காத அட்டைகள் இன்று கிடைக்கின்றன என்பதுகூட உறைத்திருக்காது.

கல்லூரியில் வைவா நடந்தபோது இதைத்தான் காட்டினேன். மாற்றத்துக்கு முன்பு இரண்டு வரி. பின்பு ஒரு வரி. “இதுக்கா ஒரு செமஸ்டர்?” என்றார் கேள்வி கேட்டவர். பக்கத்தில் என் தோழி முகத்தைப் பார்த்து மனநிலை சொல்லும் செயலி செய்து வைத்திருந்தாள். அது நன்றாகவே சிரித்தது, அழுதது. அவருக்கு அது பிடித்திருந்தது.

வீட்டிலும் ஏறக்குறைய இதே பிரச்சினை. அம்மா பீடி சுற்றுபவள். மத்தியானத்துக்கு மேல் எங்கள் தெருவில் பாதித் திண்ணைகளில் சுளகு மடியில் இருக்கும். நனைத்த இலையை அளவுத் தகடு வைத்துக் கத்தரிப்பது, தூளை வைத்து உருட்டுவது, நூல் போட்டு இறுக்குவது, நுனியை மடக்குவது எல்லாம் கண் பார்க்காமலே நடக்கும், கண் டி.வி.யில் இருக்கும். “என்னட்டி செய்யுத அங்க? கைல ஒண்ணையும் காணோமே” என்று கேட்டாள் ஒருநாள். ஊர்ப்பெயர் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப யாருக்கும் தெரியாது, நீதான் செஞ்சேன்னு” என்றாள். ஆமாம் என்றேன். “இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நான் சுத்துன பீடிய எவன் குடிச்சான்னு எனக்குத் தெரியுமா?”

அந்தப் பேச்சில் நான் கொஞ்சம் மயங்கித்தான் போனேன். பார்க்கப்படாத வேலையின் பெருமை, முகம் தெரியாதவர்களுக்காக உழைப்பதன் அழகு என்றெல்லாம் மனதுக்குள் ஒரு கட்டுரையே ஓடியது. கடையில் கட்டுகளைப் பிரித்துப் பார்த்துச் சரியில்லாததைக் கழித்துப்போடுபவருக்கும், என் நிரலை வரிவரியாகப் பார்த்த அக்காவுக்கும் ஒப்புமைகூடக் கண்டுபிடித்துவிட்டேன்.

அந்த ஒப்புமை நிற்கவில்லை. நாங்கள் நிரல் சேமிக்கும் கிட் என்ற கருவியில், எந்த வரியை யார், எந்தத் தேதியில், எதற்காக மாற்றினார் என்பது அப்படியே பதிந்திருக்கும். அவசரக்காரர் வேலையை விட்டுப் போன பின்பும் அவர் பெயர் எங்களுக்குத் தெரிந்தது அதனால்தான். என் ஒரு வரியின்மேலும் என் பெயர் இருக்கிறது. அந்த மென்பொருள் இருக்கும்வரை இருக்கும். யாரும் பார்க்கவில்லை என்று நான் குறைப்பட்ட வேலை, உண்மையில் கையெழுத்துப் போட்ட வேலை. அம்மா சுற்றும் கட்டின்மேல் ஒட்டுகிற லேபிளில் கம்பெனியின் படம் இருக்கும். கழித்தவை கூலியில் சேராது. என் நிரல் திரும்பி வந்தால் எனக்குச் சம்பளம் குறையாது. இரண்டையும் ஒன்றென்று சொல்வது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். பார்க்கப்படாமல் வேலை செய்வதில் ஒரு நிறைவு உண்டு என்பதை இன்றும் நம்புகிறேன். அதை ரசிப்பதற்கு, தேவைப்பட்டால் ‘இது நான் செய்தது’ என்று எடுத்துக் காட்ட ஏதாவது ஒரு பதிவு இருக்க வேண்டியிருக்கிறது.

உள்ளூரில் வேலை பார்ப்பதைப் பற்றி நிறையப் பேர் கவிதையாகப் பேசுகிறார்கள். சாரலும் வயலும் மலையும் என்று. சாரல் காலத்துக் காற்றில் கரண்டும் நெட்டும் சேர்ந்து போகும். செங்கோட்டையில் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நிற்கவேண்டும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற பெண்பிள்ளைக்கு வீட்டு வேலையிலும் விலக்கு கிடையாது. பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போனவர்களைவிட நான் சுகப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று. சென்னையில் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்திருந்தால் பண்பொழியை நான் தேடியிருப்பேனா என்பது சந்தேகம். அங்கே தேடுவதற்கு வேறு ஊர்கள் இருந்திருக்கும்.

ஊர் ஒன்றான பிறகும் பட்டியலில் ஒரு வால் மிச்சமிருந்தது. பம்பொழி. எங்கள் பக்கத்தில் பேச்சில் அப்படித்தான் சொல்வார்கள். பெரியவர்கள் சிலர் எழுதுவதும் அப்படியே. இது குறிகளின் கோளாறு இல்லை, வேறு எழுத்து. ஒரு கட்டளையில் இதையும் பண்பொழி ஆக்கிவிடலாம். எனக்கு அதுதான் சரியென்று பட்டது. அக்கா, கவுண்ட்டர் அண்ணனிடம் கேட்கச் சொன்னார். அவர், “அட்டைல மாத்திப் போட்டா சண்டைக்கு வந்துருவாவ. ‘எங்க ஊரு பேரு எனக்குத் தெரியாதால’ன்னு ஒரு தாத்தா கேட்டாரு” என்றார். கடைசியில், அட்டையில் அவரவர் சொன்னபடி, தேடும்போது இரண்டும் ஒரே ஊர் என்று முடிவானது. பதிவு செய்யும் திரையில் ஒரு வரி சேர்த்தோம்: ‘ஊர்ப்பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்கவும்.’

இப்போது அதே கம்பெனியில் சம்பளத்துக்கு இருக்கிறேன். போன மாதம் அம்மாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ஒரு பதிவேட்டில் அவள் பெயருக்கு முன்னால் அவளுடைய அப்பாவின் எழுத்து, இன்னொன்றில் என் அப்பாவின் எழுத்து. இரண்டும் பொருந்தாததால் அவளுக்கு வரவேண்டிய பணம் நின்றிருந்தது. எந்த எழுத்து போடவேண்டும் என்று எந்தக் காலத்திலும் அவளை யாரும் கேட்டதில்லை. திருத்தப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். ‘திருத்தத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுத என்று அவளிடமே கேட்டேன்.

“தப்பாப் போட்டவன்லா காரணம் எழுதணும்? நான் எதுக்குட்டி எழுதணும்?” என்றாள்.